கணினிக்குள் இரண்டு ஆயுள்

வணக்கம். தோல் புற்றுநோய் ஸ்கிரீனிங் பயன் தருமா என்பதைக் கணினியில் கற்பனை மனிதர்களை உருவாக்கிக் கணிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இது என்ன ஜோசியம்? அப்புறம், எங்கள் சொசைட்டியில் அடுத்த மாதம் இலவச மச்சப் பரிசோதனை முகாம். அம்மாவின் உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி சில மாதமாகப் பெரிதாகிறது. முகாம் வரை பொறுக்கலாமா?
– கே., செம்பூர்

அன்புள்ள கே.,

ஜோசியம் என்றது பாதி சரி.

நிஜ மனிதர்களிடம் சோதிக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு நம் மும்பையே சாட்சி. டாடா மெமோரியல் மருத்துவமனை 1998ல் சுமார் 1.5 லட்சம் பெண்களுடன் தொடங்கிய ஸ்கிரீனிங் ஆய்வின் மார்பகப் புற்றுநோய் முடிவு 2021ல்தான் வெளியானது. மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய்க்கு அப்படியொரு ஆய்வு இதுவரை முடிந்ததே இல்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 2003-04ல் சுமார் 3,60,000 பேரைப் பரிசோதித்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே மெலனோமா இறப்பு பாதியானது. அந்த நம்பிக்கையில் 2008ல் நாடு முழுக்கத் திட்டம் வந்தது. ஆனால் அந்த மாநிலத்தில் இறப்பு பழைய அளவுக்கே ஏறிவிட்டது. நாட்டளவில் குறையவும் இல்லை.

நீங்கள் கேட்ட கணினி மாதிரியில் ஒரே கற்பனை ஆளை இரண்டு முறை வாழ வைக்கலாம், ஒருமுறை பரிசோதனையோடு, ஒருமுறை இல்லாமல். 74 வயதில் மாரடைப்பில் போகிறவருக்கு முதுகில் இருந்த கட்டி கடைசிவரை தொல்லையே தந்திருக்காது என்பது அங்கேதான் தெரியும். நிஜத்தில் அவரை அறுத்துத் தையல் போட்டு, 'உயிர் பிழைத்தார்' கணக்கில் எழுதியிருப்போம். இன்னொரு ஏமாற்றும் உண்டு. கல்யாணில் ஏறியவரும் நடுவழியில் குர்லாவில் ஏறியவரும் ஒரே லோக்கல் ரயிலில் கடைசி நிலையமான சிஎஸ்எம்டி சேருகிறார்கள். கல்யாண்காரர் அதிக நேரம் பயணித்தார், அவ்வளவுதான். சீக்கிரம் கண்டுபிடித்ததால் நீண்ட நாள் வாழ்ந்தார் என்கிற புள்ளிவிவரத்தில் ஒரு பகுதி இந்தக் கதை: இறக்கும் நாள் மாறவில்லை, நோய் தெரிந்த நாள்தான் முந்தியது.

ஜோசியம் நுழையும் இடம் வேறு. மெலனோமா எத்தனை வருடம் சும்மா கிடக்கும்? பார்த்த உடனே வெட்டி எடுத்துவிடுவதால், விட்டால் என்ன ஆகும் என்று யாரும் கண்டதில்லை. அந்த எண்ணை ஊகித்துத்தான் போட வேண்டும். இரண்டு வருடம் என்று வைத்தால் ஒரு விடை, பத்து என்றால் வேறு விடை. ஊகத்தை மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டாமல் ஒற்றை எண்ணைத் தரும் ஆய்வுக் கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

சரி, அம்மா. ஸ்கிரீனிங் என்பது எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு. மாறிக்கொண்டே வரும் புள்ளி அந்தக் கணக்கில் சேராது. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம். முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.