டெமாலிஷன், டெஸ்ட்ரக்‌ஷன் இரண்டுக்கும் அழிப்பு என்றுதானே பொருள்? எதை எங்கே பயன்படுத்துவது?

அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் பல இடங்களில் உதைக்கும்.

டெஸ்ட்ரக்‌ஷன் எதற்கும் பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, அது டெஸ்ட்ரக்‌ஷன். காடு, பயிர், கோப்பு, ஆதாரம் எது அழிந்தாலும் இதே சொல்தான். டெமாலிஷன் என்றால் வீடு, பாலம், சுவர் மாதிரி கட்டிய ஒன்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அதை ஓர் ஆள் வேண்டுமென்றே இடிக்க வேண்டும். லத்தீனில் 'மோலிரி' என்றால் கட்டுவது. அதற்கு எதிர்ச்செயல்தான் டெமாலிஷ். எதிராளியின் வாதத்தைத் தவிடுபொடியாக்கினார் என்பதற்கும் ஆங்கிலத்தில் இதைச் சொல்வார்கள். வாதமும் கட்டி எழுப்புவதுதானே.

எனக்கு இந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கியது காரைக்குடியில், எங்கள் தெருவில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பிரித்தபோது. இங்கே 'பிரிக்கிறாங்க' என்றுதான் சொல்வோம். முதலில் கூரை ஓடுகளை இறக்கினார்கள். அப்புறம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், இருந்த பர்மா தேக்குத் தூண்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்தார்கள். நிலை, கதவு, தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் லாரி ஏறின. சுவர்தான் லேசில் விடவில்லை. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. விழுந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துத் தடவினேன், கண்ணாடி மாதிரி வழவழப்பு.

அதே தெருவில் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பூட்டிக் கிடக்கும் இன்னொரு வீடும் உண்டு. ஓடு சரிந்து, மழைத்தண்ணீர் இறங்கி, சுவரில் அரசஞ்செடி முளைத்துவிட்டது. இதற்கு டெமாலிஷன் பொருந்தாது. ரூயின் என்று சொல்லலாம். கேட்பாரற்றுச் சிதிலமான கட்டிடம் என்ற பொருளில் டிலாப்பிடேட்டட் என்றும் சொல்லலாம்; அதற்குள் கல்லைக் குறிக்கும் 'லாப்பிஸ்' என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தமிழ் ஒரே எழுத்தில் காட்டிவிடுகிறது: இடிந்த வீடு, இடித்த வீடு. லாரி கிளம்பியபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தானா இடிஞ்சிருந்தா மனசு ஆறியிருக்கும்ப்பா. இடிச்சுல்ல போட்டாங்க."