சூட்டில் ஒயில் பிரஷர் இறங்கினால் ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டாம்

எஞ்சின் சூடானதும் ஒயில் பிரஷர் இறங்குகிறது, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு வாஷர் போட்டு இறுக்கலாமா என்று கேட்டீர்கள். போட்டாலும் ஐட்லில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பிரஷர் ஏறாது. அந்த வால்வு உச்சப் பிரஷரைத்தான் வெட்டும். ஐட்லில் மூடித்தான் கிடக்கும். குளிர் ஸ்டார்ட்டில் ஒயில் பில்டர் வீங்குவதுதான் மிச்சம்.

மட்டக்களப்பு கல்லடிப் பால நெரிசலில் கேஜ் 8 பிஎஸ்ஐ (பிரஷர் அலகு) காட்டுகிறது என்கிறீர்கள். டர்போ பூட்டிய டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சின் என்றாலும் அதற்காகப் பதற வேண்டாம். டொயோட்டா கணக்கில் சூடான ஐட்லில் 4 பிஎஸ்ஐக்குக் குறையாமலும் 3000 ஆர்பிஎம்மில் 36க்கு மேலும் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் பெற்றோல் கலந்து ஒயில் நீர்த்திருக்கும். டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்து, ஊற்றாமலே அளவும் ஏறியிருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். புது 10டபிள்யூ-40 ஒயில் ஊற்றி, பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிய ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள்.

3000இலும் 36 வராவிட்டால் ஓட்டாதீர்கள். பழைய பில்டரை வெட்டிப் பாருங்கள். மடிப்புக்குள் உலோக மினுக்கம் இருந்தால் எஞ்சின் பெயரிங் தேய்கிறது. தடித்த ஒயில் அதை மறைக்கும், அவ்வளவுதான்.