கடலுக்கடியில் திசை தேடுவோருக்கு: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, வாட்டர்ப்ரூஃப் உறைக்குள்ள போனை வச்சா கடலுக்குள்ள ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யாது. ஜிபிஎஸ் ரேடியோ அலை. உப்புத்தண்ணிக்குள்ள ஒரு சாண்கூட இறங்காது.

உவரி: முங்கிக் கிடக்கும்போது போட்டு எஞ்சின் சத்தம் கேக்கு, எந்தப் பக்கம்னு தெரியல. காதுல கோளாறா?

காது நல்லாத்தான் இருக்கு தம்பி. சத்தம் எந்தக் காதுக்கு முந்தி வருதுன்னு பார்த்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கும். காத்துல சத்தம் நொடிக்கு 340 மீட்டர் போகும், கடல்தண்ணில 1500. முந்திப் பிந்தி வர்ற இடைவெளி நாலுல ஒரு பங்குக்கும் கீழ சுருங்கிரும். மண்டையோட்டு வழியாவும் சத்தம் ஏறுறதால, எஞ்சின் தலைக்குள்ளயே ஓடுத மாதிரி இருக்கும்.

அதுக்குத்தான் ஒலிக்கருவி. ஒண்ணைப் போட்டுக்கு அடியில தொங்கவிடணும், இன்னொண்ணு உங்க கையில. நீங்க ஒரு துடிப்பு அனுப்புனா அது பதில் குடுக்கும். போய்வர 0.4 நொடின்னா போட்டு 300 மீட்டர்ல நிக்கு. கையை நீட்டி மெதுவா ஒரு சுத்து சுத்துங்க, பதில் பலமா வர்ற பக்கம் போட்டு. பாருக்கு, அதான் கடலடிப் பாறைத்திட்டுக்குப் பின்னால போயிட்டா பாறை மறைக்கும். பாறையில பட்டுத் திரும்புற ஒலி பொய்த்திசையும் காட்டும். மேல சூடு, அடியில குளிருன்னு தண்ணி அடுக்கா இருந்தா ஒலி வளைஞ்சு போயிரும். கொஞ்சம் மேல வந்து தேடுங்க. கருவி வழிதான் காட்டும், காத்து குடுக்காது. சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு மீட்டரைப் பாருங்க.

வள்ளியூர்: மச்சான் ஜெர்மனியில வாங்குன டைவிங் காம்பஸ்ல முள்ளு சாஞ்சு உரசுது. டூப்ளிகேட்டா?

அசலாத்தான் இருக்கும். அங்க பூமியோட காந்தப்புலம் 60 டிகிரிக்கு மேல சரிஞ்சு தரைக்குள்ள இறங்குது. வடக்கு முனை கவிழாம இருக்கத் தெக்கு முனையில எடை வச்சிருப்பாங்க. நம்ம பக்கத்துல காந்த நடுக்கோடு போறதால புலம் ஏறக்குறைய படுக்கையா கிடக்கு. கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வச்சிருக்கதும் அதனாலதான். இங்க அந்த எடையே முள்ளைச் சாய்ச்சிரும். நம்ம மண்டலத்துக்குச் சமன் செஞ்சதா கேட்டு வாங்குங்க. இரும்பு சிலிண்டர், டார்ச் காந்தம் ரெண்டும் கிட்ட வரப்படாது.

தென்காசி: போன்ல ஆஃப்லைன் மேப் இருந்தா?

முதல் பதில்.

இடிந்தகரை: எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. ஒரு கருவியும் கிடையாது. இதெல்லாம் காசுக்குப் பிடிச்ச கேடு.

கயிறு இருந்துச்சுல்லா வே? முத்துக்குளிக்கும்போது மேல கயிறு பிடிக்கவன் மச்சினனா இருக்கணும்னு ஏன் சொன்னாங்க? இப்ப கம்ப்ரசர்ல குளிக்கவங்களுக்குக் காத்துக்குழாயே போட்டுக்கு வழி.

இடிந்தகரை: அப்ப கயிறு போதும்னு ஒத்துக்கிடுங்க!

கலங்கல்ல கயிறுதான் ராஜா. எந்தக் கருவியையும் அதுக்கு மேல வைக்க மாட்டேன். ஆனா நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுக்கும்போது 200 மீட்டர் கயிறு பார்ல சிக்கினா அறுக்கக் கத்தி வேணும், அறுத்தபிறகு வழி வேணும்.

கூத்தன்குழி: தாத்தா பக்கம்தான் நானும். கருவியில பேட்டரி தீந்தா?

அதுக்குத்தான் காம்பஸ். இறங்கும்போதே கரை எந்த டிகிரின்னு பார்த்துக்கிடணும். அதுவும் போச்சுன்னா நிதானமா மேல ஏறி, காத்தடைச்ச ஆரஞ்சு மிதவையை நிமித்திப் பிடிங்க. காத்து மூணுல ஒரு பங்கு தீர்றதுக்குள்ள திரும்பியிருந்தா இதெல்லாம் பதறாம செய்யலாம்.

நாங்குநேரி: இறங்கினா காது வலிக்கு அண்ணாச்சி.

டாக்டர்ட்ட காட்டுங்க. சளியோட இறங்காதீங்க.

அம்பாசமுத்திரம்: தாமிரபரணி நல்லதண்ணிதானே, அங்க ஜிபிஎஸ் எடுக்குமா?

கடலைவிடக் கொஞ்சம் இறங்கும், முங்குறவனுக்கு உதவாது. போன் கேள்வி இனிமே வேண்டாம்.