சேகரப் பணியா, மேற்படிப்பா?

அன்புள்ள சகோதரருக்கு, ஸ்தோத்திரம். குருப்பட்டம் பெற்றதும் பல கிராமச் சபைகள் கொண்ட சேகரத்துக்கு அனுப்பப்பட்டதாகவும், பேருந்துப் பயணத்திலேயே நாள் கழிவதால் வாசிப்பு நின்று விசுவாசமும் தளர்வதாகவும் எழுதி, பணியை விட்டு மேற்படிப்புக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது போக வேண்டாம் என்பதே என் கருத்து. ஜெர்மனியின் ஹாலேயில் தொடங்கிய இறையியல் படிப்பை உடல்நலக் குறைவால் முடிக்க இயலாத மிஷனரி சீகன்பால்கு, 1706இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் கரையிறங்கி, பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகி, சுவடிகளைத் தேடிச் சேர்த்து வாசித்து, டேனிஷ் அதிகாரியின் பகையால் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்த பின்னும் தளராமல், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தார். அவருடைய கல்வி பணிக்களத்திலேயே வளர்ந்தது.

ஆகவே பயண நேரத்துக்கு மாற்கு நற்செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 16 அதிகாரங்கள்தான். ஒரு பகுதியைப் பேருந்தில் வாசித்து, அதே பகுதியை அன்று சந்திக்கும் வீட்டாரோடு பேசி, அவர்கள் கேட்ட கேள்விகளை இரவில் குறித்துவையுங்கள். ஞாயிறு பிரசங்கம் அக்குறிப்புகளிலிருந்து பிறக்கட்டும். 9ஆம் அதிகாரத்தில் தன் அவிசுவாசத்தை மறைக்காமல் உதவி கேட்ட தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை என்பதை, உங்கள் தளர்ச்சியை எண்ணி வருந்தும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அத்தளர்ச்சியை நம்பிக்கைக்குரிய மூத்த ஆயர் ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லவும் வேண்டும். தனியே சுமப்பது நல்லதல்ல.

சில ஆண்டுகள் கழித்துச் செராம்பூர் இறையியல் மேற்பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தக் குறிப்பேட்டிலிருந்தே ஆய்வுத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.