நேவியில் இருக்கும் மாப்பிள்ளைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு மதுரைப் பக்கம். நேவியில் வேலை பார்க்கும் ஒருவரை எனக்குப் பேசியிருக்கிறார்கள். குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆளைப் பிடித்திருந்தால் சம்மதியுங்கள் தங்கச்சி. நான் நேவிக்காரர் மகள். அம்மா வாழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கண்மாய் நிறைந்தால் ஊரே கரையில் போய் நின்று பார்க்கும் வறண்ட பூமி. அங்கிருந்து அப்பா 1982இல் நேவிக்குப் போனார். ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி, லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் எஞ்சின் படிப்பு, அப்புறம் கப்பல். ஊரில் ஆர்மி, நேவி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ரேஷன் கடையில் இன்றைக்கும் நாங்கள் 'மிலிட்டரிக்காரர் வீடு'தான்.

1988இல் கல்யாணம். லீவு முடிந்ததும் அப்பா கிளம்பிவிட்டார். அம்மா கையில் இருந்தது ஒரே ஒரு விலாசம்: பெயர், நம்பர், ஐ.என்.எஸ். விராட், மேற்பார்வை ஃப்ளீட் மெயில் ஆஃபீஸ், பம்பாய். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் அதே விலாசம். சில நேரம் பத்து நாளில் பதில் வரும். சில நேரம் இரண்டு மாதம் ஒன்றும் வராமல், அப்புறம் நாலு கடிதம் ஒரே நாளில் வரும். எதை முதலில் படிப்பது என்று தெரியாமல், இன்லேண்டின் மூலையில் 1, 2, 3 என்று நம்பர் போட்டு அனுப்பச் சொன்னார் அம்மா. அந்தக் கட்டு இன்னும் அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 31ஆம் நம்பர் மட்டும் இல்லை, அது வந்து சேரவே இல்லை. அதில் என்ன எழுதினீர்கள் என்று அம்மா இப்போதும் கேட்பார். அப்பாவுக்கு நினைவில்லை.

நான் பிறந்ததை மாமா தந்தி அடித்துச் சொன்னார். அப்பா என்னை முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு மாதம். தூக்கியதும் வீறிட்டு அழுதேனாம்.

பிரிந்திருப்பதைக்கூட ஒரு மாதிரி பழகிக்கொள்ளலாம். இவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள், அதுதான் கஷ்டம். 1993 செப்டம்பரில் விராட்டின் எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்து, கப்பல் பல மாதம் கடலுக்குப் போகவில்லை. அப்பா வேலை பார்த்த இடம் அது. ஆனால் அந்த மாதக் கடிதத்தில் மழை பெய்ததா, மாடு சினை பிடித்ததா என்றுதான் கேட்டிருந்தார். அடுத்த லீவில் ஒரு ராத்திரி, அப்பத்தா தூங்கிய பிறகு, பேச்சுவாக்கில் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "இனிமே நானும் பிள்ளையும் அங்கதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் பம்பாயில் கொலாபா நேவி நகர் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். ஒன்றரை வருஷம்தான். பக்கத்து வீட்டில் பஞ்சாபிக்காரர், எதிர் வீட்டில் வங்காளி. கப்பல் வெளியே போன நாட்களில் பெண்கள் ஒரே வீட்டில் கூடிச் சமைத்திருக்கிறார்கள். தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அதுதான் என்பார் அம்மா. உங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தால் மாமியார் வீட்டில் தங்கிவிடாதீர்கள், போய்விடுங்கள்.

15 வருஷம் முடித்து 1997இல் அப்பா பென்ஷனோடு வந்தார். இனிக் கவலையில்லை என்று எல்லோரும் நினைத்தோம். வந்த வாரமே அடுப்படி டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் மாற்றி அடுக்கி, பெயர் எழுதி ஒட்டிவிட்டார். வயல், கடன், என் பள்ளிக்கூடம் என்று ஏழு வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாகப் பார்த்த அம்மாவிடம் நோட்டுப் போட்டுக் கணக்குக் கேட்டார். தினமும் சண்டை. கப்பலில் தண்ணீரை அளந்து செலவழித்த பழக்கம் மட்டும் எங்கள் ஊருக்குச் சரியாக வந்தது. இன்றும் அரை வாளியில் குளித்துவிடுவார். கப்பலூரில் ஒரு மில்லில் பாய்லர் வேலை கிடைத்த பிறகுதான் வீடு அமைதியானது.

அடுத்தது காது. பாய்லரும் டர்பைனும் ஓடும் அறையில் அத்தனை வருஷம் நின்றதில், கீச்சென்ற சத்தங்கள் முதலில் போய்விட்டன. குக்கர் விசில் கேட்காது, என் குரல் கேட்காது. நாங்கள்தான் முணுமுணுக்கிறோம் என்று கோபப்படுவார். வலது காது கொஞ்சம் தேவலை என்பதால், அம்மா எதைச் சொல்வதானாலும் அந்தப் பக்கம் போய்த் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவார். இதையும் அப்பா மறைத்தார். சர்வீஸிலிருந்து விடுவிக்கும் முன் நடக்கும் மெடிக்கல் போர்டில், சீக்கிரம் ஊருக்கு வந்தால் போதும் என்று 'ஒரு குறையுமில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். சர்வீஸால் வந்த பாதிப்பு 20 சதவீதத்துக்குக் குறையாமல் அங்கே பதிவாகியிருந்தால், அப்போதைய விதிப்படி தனியாக ஊனமுற்றோர் பென்ஷன் கிடைத்திருக்கும். பிறகு போய்க் கேட்டால் லேசில் நடக்காது, எங்களுக்கு நடக்கவே இல்லை. மதுரையில் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் மூலம் காது மெஷின் மட்டும் கிடைத்தது.

இன்னொன்று, கல்யாணம் முடிந்ததும் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் அவருடைய சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதை நீங்களே வாங்கிப் படித்துப் பாருங்கள், ஆதாரோடு ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. அம்மாவின் பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, பென்ஷன் ஆணையில் ஒன்று. அதைச் சரிசெய்ய இரண்டு வருஷம் அலைந்தோம். அது சரியாக இல்லாவிட்டால் நாளைக்குக் குடும்ப பென்ஷனில் சிக்கல் வரும்.

2020 செப்டம்பரில் விராட்டை உடைப்பதற்காக குஜராத்தில் ஆலங்குக்கு இழுத்துப் போனார்கள். அப்பா போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, புகைபோக்கிக்குக் கீழே விரலை வைத்து, "இதுக்கு நேர் கீழதான் நான் நிப்பேன்" என்றார். அந்த அறையைப் பற்றி அவராக வாய்திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அம்மா வலது பக்கம் போய் உட்கார்ந்து, "அங்க எவ்வளவு சூடு இருக்கும்?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையோடு பேச விட்டால், சம்பளத்தைப் பற்றி உங்கள் அப்பா கேட்டுக்கொள்வார். நீங்கள் எந்த பிராஞ்ச் என்று கேளுங்கள். எஞ்சின் ரூம் என்றால், உள்ளே இறங்கும்போது காதுக்கு என்ன மாட்டிக்கொள்கிறார் என்றும் கேளுங்கள்.