ஐவிஎஃப்ல கருவை ஜெனடிக் டெஸ்ட் பண்ணிட்டு வைக்கிறது சரியா, தப்பா?

நாங்க பண்ணினோம், அதனால எங்க கதையையே சொல்றேன்.

நான் கட்டிக்கிட்டது அத்தை பையனை. ரெண்டு பேருமே தலசீமியா மைனர், அதாவது அந்த ரத்த நோயோட ஜீனைச் சும்மா சுமக்குறவங்கன்னு யாருக்கும் தெரியாது, "உனக்கு ரத்தம் கம்மி, முருங்கக்கீரை சாப்பிடு"ன்னே எங்கம்மா வளர்த்துட்டாங்க. பெரியவன் எட்டு மாசத்துல வெளுத்துப்போய் பால் குடிக்காம கிடந்தப்பதான் அவனுக்கு மேஜர், அதாவது அந்த நோயே முழுசா இருக்குன்னு தெரிஞ்சுது. இப்ப ஆறு வயசு, மூணு வாரத்துக்கு ஒருக்கா தாம்பரத்துல ட்ரெயின் ஏறி எழும்பூர் போய் ரத்தம் ஏத்திட்டு வரோம். நர்ஸக்கா வந்தா "போன தடவை இந்தக் கை, இன்னைக்கு அந்தக் கை"ன்னு அவனே நீட்டுவான்.

ரெண்டாவதுக்கும் இதே வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு, அதனாலதான் பிஜிடி-எம், அதாவது குடும்பத்துல இருக்குற அந்த ஒரு நோய் கருவுல இருக்கான்னு பாக்குற டெஸ்ட். முதல்ல எங்க மூணு பேர் ரத்தத்தையும் வாங்கி எந்தக் கோளாறுன்னு பாத்துப்பாங்க, அப்புறம் அஞ்சாம் நாள் கருவுல, நஞ்சுக்கொடியா ஆகப்போற வெளிப்பக்கத்துலருந்து அஞ்சாறு செல் மட்டும் எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு கருவை ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க. "அப்படியே ஆம்பளப் புள்ளையான்னு கேட்டுக்கோடி"ன்னாங்க அத்தை. 1994 சட்டப்படி அது குத்தம், 2021ல வந்த ஐவிஎஃப் சட்டத்துலயும் குடும்பத்துல இருக்குற பரம்பரை நோய்க்குத்தான் முக்கியமா இந்த டெஸ்ட்டை அனுமதிச்சிருக்காங்க.

ஆனா இந்த மாதிரி டெஸ்ட்டை எல்லார் தலையிலயும் கட்டுறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. என் ஃப்ரெண்டுக்கு 29 வயசு, குடும்பத்துல ஒரு நோயும் இல்ல, அவளையும் பிஜிடி-ஏ, அதாவது கருவோட குரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டைப் பண்ண வச்சு, இருந்த ஒரே கருவையும் மொசைக், அதாவது சில செல் நார்மல் சில செல் இல்லன்னு சொல்லி வேணாம்னுட்டாங்க. 2015லயே இத்தாலில 18 பேருக்கு மொசைக் கரு வச்சு 6 குழந்தை ஆரோக்கியமா பொறந்திருக்கு. 25லருந்து 40 வயசுக்காரங்ககிட்ட பண்ணின பெரிய ஸ்டடி 2019ல வந்துச்சு, அதுல பிஜிடி-ஏ பண்ணினதால மொத்தத்துல கர்ப்பம் தங்குறது கூடல. காசு போனதுதான் மிச்சம்.

எங்களுக்கு ஆறு கரு. ஒண்ணு நார்மல், மூணு கேரியர் (எங்களை மாதிரி மைனர்), ரெண்டு மேஜர். நார்மல் தங்கல. "கேரியர் வைக்கலாமா"ன்னு கவுன்சிலர் ரொம்பத் தயங்கிக் கேட்டாங்க, நானே கேரியர்தான மேடம்னேன். அவ இப்ப தவழுறா.

தப்புன்னு நான் நினைக்கல, இன்னொரு தடவைன்னாலும் இதைத்தான் பண்ணுவேன். ஆனா அந்த மேஜர் ரெண்டும் அச்சு அசல் பெரியவனுக்கு இருக்குறதுதான். அதை டிஸ்கார்ட் பண்ற ஃபாரத்துல, அவனுக்கு ரத்தம் ஏறிட்டு இருக்கப்ப பெட் பக்கத்துல உக்காந்துதான் கையெழுத்துப் போட்டேன். "என்னம்மா எழுதுற"ன்னான். ஸ்கூல் ஃபாரம்டா கண்ணான்னு சொல்லிட்டேன்.