விழா வசூலும் வாயில்லா ஜீவன்களும்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழா வசூலை இந்த முறை பக்கத்தில் உள்ள விலங்குகள் காப்பகத்துக்குக் கொடுக்கப் போகிறோம். காப்பகத்து நாய்களை மேடை ஏற்றினால் கூட்டம் மனமிரங்கி அள்ளிக் கொடுக்கும் என்கிறார் செயலாளர். செய்யலாமா?
- ஒரு சங்கப் பொருளாளர்

பதில்: செயலாளருக்கு நல்ல மனசு. யோசனைதான் வேண்டாம். நம் காது 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுள்ள ஒலியோடு நின்றுவிடும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். மைக் செட் பக்கத்தில் அதை நிறுத்தினால் என்ன பாடுபடும்! உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொட்டாவி விடும். 'பாவம், தூக்கம் வருது போல' என்று ஒரு குழந்தை போய்க் கட்டிப்பிடிக்கும். அந்தக் கொட்டாவி பெரும்பாலும் பயத்தில் வருவது. பயந்த நாய் கடித்தால் அதன்மேல் தப்பில்லை. படங்களை மாட்டி, பக்கத்தில் ஒவ்வொன்றின் கதையையும் நாலு வரி எழுதி வையுங்கள், போதும். பட்டாசும் வேண்டாம். விலங்குகளுக்காக நிதி திரட்டிவிட்டு அந்தத் தெரு நாய்களையே மிரட்டி ஓடவிடுவது என்ன நியாயம்?

இனி உங்கள் பாடு, கணக்கு. நான் ஒரு காப்பகத்துக்குக் கணக்கு எழுதுகிறவன். 'வசூல் முழுவதும் காப்பகத்துக்கே' என்று நோட்டீஸ் போட்டுவிட்டு, மேடைச் செலவு, ஒலிபெருக்கி வாடகை எல்லாம் கழித்த மிச்சத்தைக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கழிப்பது தப்பில்லை, சொல்லாமல் கழிப்பதுதான் தப்பு. நுழைவுச் சீட்டுப் பணம் முழுவதுமா, கடைகளின் லாபத்தில் பங்கா என்பதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள். உண்டியலை இரண்டு பேர் முன்னால் திறந்து எண்ணி, கையெழுத்து வாங்குங்கள். காப்பகத்தின் ரசீது சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

பணம் எதற்கு என்பதையும் காப்பகத்தாரைக் கேட்டு முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கூண்டு கட்டினால் பெயர்ப் பலகை மாட்டலாம் என்று ஆள் வரும். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும்தான் கொடுப்பவர் குறைவு. பெண் பூனை நான்கைந்து மாத வயதிலேயே சினை பிடிக்கலாம், ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். நீங்கள் கட்டுகிற கூண்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 சதவீதம் வரை நாய்களிடமிருந்தே தொற்றுகிறது. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேடையில் இதைச் சொல்லிப் பாருங்கள், நாய் பிடிக்காதவரும் பையில் கைவிடுவார்.

பழைய துண்டு, போர்வை, செய்தித்தாள் போட ஒரு பெட்டி வையுங்கள். காப்பகத்தில் தினமும் தேவைப்படும்.

கேள்வி: விழாவிலேயே குட்டிகளைத் தத்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. பெயரும் போன் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் வீட்டாரோடு காப்பகத்துக்கு வரச் சொல்லுங்கள். சிலர் வரமாட்டார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.